ஐரிஷ் மெட்டு அத்தனை எளிதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மேற்கத்திய இசைக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஐரிஷ் மரபிசை கேட்க இனிமையானது, செவ்வியல் இசையின் சிக்கல் அதில் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரிதான் எனக்கு உறுத்தியது.

காகிதத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஜிக் என்ற நடன மெட்டு என்றால் பெரும்பாலும் எட்டெட்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட இரண்டு பகுதிகள். இரண்டையும் இரண்டு முறை வாசித்தால் 32 பாரில் மெட்டு முடிந்தது. பத்து வருடம் மேற்கத்திய வயலின் படித்த தைரியத்தில் நானும் ஒன்றை எடுத்து வாசித்தேன். நோட்ஸ் ஒன்றுகூடப் பிசகவில்லை. பதிவு செய்து கேட்டால், வட்டார வழக்கை அகராதி பார்த்துப் பேசுகிறவள் மாதிரி இருந்தது!

ஐரிஷ் வாசிப்பில் 'ரோல்' என்று ஓர் அலங்காரம் உண்டு. கால் ஒருமுறை தட்டும் நேரத்துக்குள் அதே சுரம் மூன்று தடவை வரும்; இடையில் மேல் சுரத்தைத் தொட்டு ஒரு வெட்டு, கீழ்ச் சுரத்தைத் தொட்டு ஒரு தட்டு. செவ்வியலிலும் 'டர்ன்' என்று இதே சாயலில் ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டும். இங்கே வெட்டும் தட்டும் சுரமாகவே காதில் விழக் கூடாது, ஒரு துடிப்பாக விழ வேண்டும். எனக்கு இது பிடிபட நான்கு மாதம் ஆனது. கர்நாடக இசையின் கமகம் அறிந்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

காகிதத்தை வைத்து அளப்பது புதிதும் அல்ல. 1792இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கூடிய ஹார்ப் (யாழ் போன்ற நரம்பிசைக் கருவி) கலைஞர்களின் மெட்டுகளை எழுதி எடுத்தவர் எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயது ஆர்கன் கலைஞர். அச்சில் வரும்போது அவற்றைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றியிருந்தார். கெட்ட எண்ணம் இல்லை. அவர் பழகிய அளவுகோல் அது. 1920களில் நியூயார்க்கில் ஐரிஷ் கலைஞர் மைக்கேல் கோல்மன் பதிவு செய்த பிடில் இசைத்தட்டுகளைக் கேட்டால், அந்த அளவுகோலுக்குள் அடங்காதது எது என்று புரியும். திரும்ப வரும் பகுதியை அவர் அப்படியே திருப்பி வாசிப்பதில்லை.

அதற்காக, செவ்வியல் மேதை பாஹைவிட எங்கள் இசை எதில் குறைச்சல் என்று மார்தட்டும் ஐரிஷ் ரசிகர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு குரல்கள் தனித்தனி வழியில் போய்ப் பின்னிக்கொள்ளும் ஃபியூக் என்ற செவ்வியல் வடிவத்துக்கு இணையாக இங்கே எதுவும் கிடையாது. பத்துப் பேர் கூடினாலும் பொதுவாக வாசிப்பது ஒரே மெட்டைத்தான். ஒரு சிம்பனி, சுருதி நிலைகளை மாற்றி மாற்றி அரைமணி நேரம் நடத்தும் பயணமும் இதில் இல்லை. இதன் நுணுக்கமெல்லாம் ஒரே வரிக்குள், வில்லிலும் விரலிலும் இருக்கிறது.

ஐரிஷ் இசைக்கு அவர் தனியாக ஒரு கட்டுரை எழுதினால் மகிழ்வேன். அப்போது சுரக்குறிப்புப் படம் மட்டும் போடாமல், கேட்பதற்கு ஒரு கியூஆர் கோடும் சேர்த்து அச்சிடுங்கள்.

– ஒரு வாசகி, கோவை