பாப்பாவுக்கு, போன்ல சொல்ல முடியாம போனது

பாப்பா,

நேத்து நீ எப்படிப்பா இருக்கீங்கன்னு கேட்டப்போ நல்லாருக்கேன்மான்னு சொன்னேன்ல, அது பொய்டா. உடம்பு நெஜமாவே பரவால்ல, ஹார்ட் அட்டாக் வந்தப்போ ரத்தக்குழாய் அடைப்புல ஸ்டென்ட்னு சின்ன கம்பி வலை வெச்சாங்கல்ல, அந்த எடத்துல ரத்தம் நல்லா ஓடுது, இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோவும் நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். ராத்திரிதான் தாங்கல. படுத்தா காதுக்குள்ளயே துடிப்பு கேக்குது, உடனே மணிக்கட்டுல விரல வெச்சு எண்ண ஆரம்பிச்சுடறேன், எண்ண எண்ண அது வேகமாகுது, வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு இறுகுது, மறுபடியும் அட்டாக்கா வெறும் பயமான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. ரெண்டு தடவை எமர்ஜென்சிக்கு ஓடினோம், உனக்கு சொல்லல. ரெண்டு தடவையும் ஈசிஜி, இதயத் தசை பாதிச்சிருக்கான்னு ரத்தத்துல பாக்கற ட்ரோபோனின் டெஸ்ட் எல்லாம் நார்மல். பேனிக் அட்டாக்னு சொன்னாங்க, ஆனா ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால சந்தேகம் வந்தா வர்றதுதான் சரின்னும் சொன்னாங்க, அதக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஹார்ட் அட்டாக் வந்தவங்கள்ல ஏறக்குறைய 5 பேர்ல ஒருத்தருக்கு டிப்ரெஷன் வருதாம், யாரும் இத முன்னாடியே சொல்லல பாரு.

இப்போ கவுன்சிலிங் போறேன், இதய நோயாளிங்களுக்கு உடற்பயிற்சி குடுக்கற கார்டியாக் ரீஹேபும் போறேன். அங்க மானிட்டர மாட்டிவிட்டு ட்ரெட்மில்ல நடக்க வெக்கறாங்க, துடிப்பு ஏறுது, நின்னா தானா எறங்குது, அத கண்ணால பாத்தப்புறம்தான் கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

ஆனா நான் எழுத வந்தது உங்கம்மாவப் பத்தி. அன்னிக்கு இதயம் நின்னு நான் விழுந்தது எதுவும் எனக்கு ஞாபகத்துல இல்ல, காலைல ஷேவ் பண்ணது ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் ஐசியூதான். அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. ஆம்புலன்ஸ்காரங்க போன்லயே எண்ணிக்கிட்டு இருக்க, நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் உள்ள போற அளவுக்கு அவ என் நெஞ்ச அமுக்கியிருக்கா, எலும்பு ஒடையற சத்தம் கேட்டும் நிறுத்தல. அந்த சத்தத்தப் பத்தி ஒரே ஒரு தடவைதான் எங்கிட்ட சொன்னா, அப்புறம் பேசவே இல்ல.

நான் பாத்ரூம்ல கொஞ்சம் லேட் பண்ணா கதவத் தட்டறா. ராத்திரி என் மூக்குகிட்ட கைய வெச்சுப் பாக்கறா, நான் தூங்கற மாதிரி கெடக்கறேன், ரெண்டு பேரும் தூங்கறதில்ல. டாக்டர்லேருந்து சொந்தக்காரங்க வரைக்கும் எல்லாரும் என்னத்தான் விசாரிக்கறாங்க, நீயும்தான்டா, கோவிச்சுக்காத, அவகிட்டயும் அப்பா எப்படி இருக்கார்னுதான் கேக்கற.

கவுன்சிலிங்குக்கு நீயும் வான்னு அவளக் கூப்பிட்டேன், எனக்கென்ன நான் நல்லாத்தான இருக்கேன்னா, நான் உனக்கு சொன்ன அதே பதில். நீ கேட்டா சொல்லுவா. அதான் அப்பா பொழச்சுட்டார்லன்னு மட்டும் சொல்லிடாத, அவ பேசறத பேச விடு, அழுதா அழ விடு.

சாயங்காலம் நான் வாக்கிங் போயிடுவேன், ஒரு மணி நேரம் அவ தனியாத்தான் இருப்பா. அவ நம்பருக்கே போடு.

அப்பா