சிலிண்டர் உருட்டி வந்த அண்ணனுக்கு நன்றி

2021 மே மாதம், தமிழகத்தில் ஒரே நாள் கொரோனா தொற்று 36,000-ஐத் தாண்டிய அந்த நாட்களில், காரைக்குடியிலிருந்து அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட நாங்கள், ஆக்சிஜன் படுக்கை காலியில்லாததால் மருத்துவமனை வாசலில் ஆறாவது ஆம்புலன்ஸாக இரவு முழுவதும் காத்திருந்தோம். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒரே செவிலியர் பார்த்துக்கொண்டிருந்தார்.

7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர்கூட, நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் திறந்துவிட்டால் 12 மணி நேரம் வருவதில்லை. வண்டியில் இருந்ததோ சிறியது. விடியும் முன் அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது, கவச உடைக்குள் வியர்வையில் நனைந்திருந்த தாங்கள் புதிய சிலிண்டரை உருட்டி வந்து மாட்டி, "ஆச்சி, கொஞ்சம் குப்புறப் படுங்க" என்று சொல்லி, அவர் மார்புக்கடியில் அவருடைய கண்டாங்கிச் சேலையையே மடித்து வைத்தீர்கள். 84 சதவீதத்தில் நின்ற அவருடைய ரத்த ஆக்சிஜன் அளவு 91-க்கு ஏறும்வரை அங்கிருந்து நகரவில்லை.

அப்பத்தா இன்று வளவில் வற்றல் காயவைக்கிறார். தங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த அந்தக் கண்களுக்கு எங்கள் வீட்டார் அனைவரின் நெஞ்சார்ந்த நன்றி.