குழந்தைகளோடு நடந்துபோக ஒரு பாதை கொடுங்கள்

நம் திருநெல்வேலி மாவட்டத்து மேற்கு மலைக் காடுகளின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த சனிக்கிழமை, என் மனைவி, எட்டு வயது மகள், எழுபத்திரண்டு வயது அப்பா ஆகியோருடன் மலையடிவாரச் சோதனைச் சாவடி ஒன்றில் இரண்டரை மணி நேரம் நின்றேன். எந்தச் சாவடி என்று இங்கே எழுதவில்லை. அன்று பணியில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். எழுதப்போய் அவருக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்து சேரக் கூடாது. தவறு அவருடையது இல்லை.

இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தோம். “காலை ஆறு மணிக்கு வாருங்கள், திறந்திருக்கும்” என்றார்கள். எதில் வருகிறோம் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினோம். “நடந்து போக அனுமதி இல்லை ஐயா, வண்டி இருந்தால் போகலாம்” என்றார் அந்த இளைஞர். எங்கள் கண்ணெதிரே மூன்று கார்கள் கட்டணம் செலுத்தி, பிளாஸ்டிக் சோதனை முடிந்து, உள்ளே போயின.

யானை நடமாடும் சாலை. தனியாக நடக்க விட முடியாது. அது எனக்குப் புரிகிறது. புரியாதது அதற்கு அடுத்தது. கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் ஒன்பது மணிக்குத்தான் வருவாராம். அதிகாலையில் புறப்பட்ட பெண்களும் குழந்தைகளும் அதுவரை என்ன செய்வார்கள்? என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டாள். அந்த வீட்டு ஆச்சி கதவைத் திறந்துவிட்டு, போதாததற்குக் காப்பியும் போட்டுக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷி. ஆனாலும் திரும்பி வந்த என் மனைவி வெகுநேரம் யாரோடும் பேசவில்லை. ஒரு திறவுகோல் மூன்று மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் அவளுக்கு அந்தக் கூச்சம் நேர்ந்திருக்காது. இதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை.

எட்டரை மணிக்கு ஒரு வேன் கிடைத்தது. வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கினோம். சிமெண்டுப் படி இறங்கினால் குளிக்கும் இடம். அதைத் தாண்டிக் கயிறு கட்டியிருந்தது. இந்த நடைக்காக என் மகள் மார்கழி முழுவதும் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வ.உ.சி. மைதானத்தில் தினமும் ஐந்து சுற்று நடந்து பழகியிருந்தாள். அன்று அவள் மலையில் நடந்த தூரம் அந்த மைதானத்தின் அரைச் சுற்றுக்கூட வராது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, வழிகாட்டியோடு, காட்டுக்குள் நடந்துபோக இந்த மாவட்டத்தில் ஒரு பாதை வேண்டும். இரண்டு கிலோமீட்டர் போதும். களக்காடு தலையணைப் பக்கமோ, முண்டந்துறையிலோ, மணிமுத்தாறு அடிவாரத்திலோ, எங்கே என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விலங்குகளின் வழித்தடம் எது, மக்கள் கால் படக் கூடாத இடம் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

குரங்கணியைச் சொல்வீர்கள். 2018 மார்ச்சில் அங்கே மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை நாங்களும் மறக்கவில்லை. அதன் பிறகு வந்த கட்டுப்பாடுகள் தேவையானவை. நம் ஊரிலேயே, 1925 ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் போய் வ.வே.சு. ஐயர் உயிரிழந்தார். சேரன்மாதேவி குருகுலத்தை நடத்திய மனிதர் அவர். பெண் பிள்ளையைப் பெற்ற தகப்பனாக, அந்தப் பாறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வராமல் இருந்ததில்லை. ஆகவே அருவியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. பொதிகை உச்சிக்கும் வழி கேட்கவில்லை. ஆபத்து இருப்பதால்தான் வழிகாட்டியோடு, வேலி போட்ட, நேரம் வகுத்த ஒரு பாதை கேட்கிறேன்.

2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நம் மாவட்டமும் அதில் இருந்தது. நல்ல திட்டம். ஆனால் அது இணையத்தில் முன்பதிவு செய்து, ஆள் கணக்குப்படி பணம் கட்டி, குழுவாக மலை ஏறுகிறவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. பஸ்ஸில் வந்து இறங்கும் நான்கு பேர் குடும்பம் தாத்தாவின் முழங்கால் தாங்கும் அளவுக்கு ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்ப, அதில் இடம் இல்லை.

நம் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே இது நடக்காது என்ற பதில் வரலாம். தேக்கடியும் புலிகள் காப்பகம்தான். அங்கே பழங்குடியினர் வழிகாட்ட, சிறு சிறு குழுக்களாக மக்கள் நடந்து போகிறார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலுறை கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் அந்தக் காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்களே பின்னர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். நம்மிடம் காணிக்காரப் பழங்குடியினர் இருக்கிறார்கள். சின்ன மயிலாற்றிலும் பெரிய மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் தலைமுறைகளாக வாழும் அவர்களைவிட இந்தக் காட்டை அறிந்தவர் யார்? எந்த மரத்தில் மலையணில் கூடு கட்டும், இருவாச்சிப் பறவை எந்தப் பழத்துக்கு வரும் என்று அவர்கள் வாயால் என் மகள் கேட்கட்டும். அந்தக் காலை நேர உழைப்புக்கு அவர்கள் வீட்டுக்கும் நியாயமான கூலி போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் குடித்துவிட்டுப் பாட்டில் உடைப்பவர்களையும், பழந்துணியை மூட்டை மூட்டையாகத் தாமிரபரணியில் விட்டுப் போகிறவர்களையும் சமாளித்துச் சமாளித்து உங்களுக்குச் சலித்துப் போயிருக்கும். அந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் அதன் விளைவு யார் தலையில் விழுகிறது? உடைப்பவன் காரில் போகிறான். பஸ்ஸில் வந்தவன் வாசலில் நிற்கிறான். இந்த ஆறு திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் தாங்குகிறது. இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளும் குழாயைத் திறந்தால் வருவது இந்தக் காட்டுத் தண்ணீர். 1962இல் முண்டந்துறைக்கும், 1976இல் சிங்கவால் குரங்குக்காகக் களக்காட்டுக்கும் சரணாலயம் என்று பெயர் வைத்தார்கள். 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. இவ்வளவு காலமாகக் காத்துவரும் காட்டை, அதன் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகள் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால், நாளை அதற்கு ஆபத்து வரும்போது யார் குரல் கொடுப்பார்கள்? சாக்கடையை ஆற்றில் விடும் ஊர்களை யார் கேட்டார்கள்? மணல் அள்ளிய நாட்களில் எத்தனை பேர் வீதிக்கு வந்தோம்?

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது. மன்னியுங்கள். கேட்க வந்ததை மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன்.

குடும்பங்கள் நடக்க ஒரு பாதை. காலை ஆறரை முதல் பத்து மணி வரை போதும். ஒரு நேரத்தில் பத்துப் பேர், கூடவே ஒரு காணிக்கார வழிகாட்டி. பஸ்ஸில் வந்தவர்களுக்கும் காரில் வந்தவர்களுக்கும் ஒரே விதி. தீ பரவும் கோடை மாதங்களிலும், வெள்ளக் காலத்திலும், விலங்குக் கணக்கெடுப்பு நாட்களிலும் மூடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டோம். மூடுவதாக இருந்தால் முதல் நாள் மாலையே சாவடியிலும் அம்பாசமுத்திரம், களக்காடு பஸ் நிலையங்களிலும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கழிப்பறைச் சாவி, சாவடி திறக்கும் நேரத்தில் சாவடியில் இருக்கட்டும். பாதைக்கு மாதங்கள் ஆகலாம். சாவிக்கு ஒரு நாள் போதும். அதையாவது முதலில் செய்யுங்கள்.

என் அப்பா சிறுவனாக இருந்தபோது காரையாறு அணையில் படகில் போய்ப் பாணதீர்த்த அருவியைப் பார்த்தவர். அன்று திரும்பும்போது வேனில் அந்தக் கதையைத்தான் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவளோடு காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று இன்னமும் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஐந்து சுற்று இப்போது நான்காகக் குறைந்திருக்கிறது. அடுத்த தை மாதத்துக்குள் பாதை திறந்தால் அவரால் வர முடியும் என்று நம்புகிறேன். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன்