பென் டிரைவ் வாங்கிய அன்றே கொள்ளளவைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி (அதாவது 2,000 ஜிபி) பென் டிரைவ்’ என்ற விளம்பரங்கள் இணையத்திலும் நடைபாதைக் கடைகளிலும் பெருகிவிட்டன. அந்த விலைக்கு அவ்வளவு பெரிய நினைவகம் தரவே முடியாது. பெரும்பாலும் உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்தான். அதை இயக்கும் கன்ட்ரோலரின் மென்பொருளைத் திருத்தி, கணினி கேட்டால் ‘2 டிபி’ என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து பார்த்தாலும், குவிக் ஃபார்மட் (டிரைவை மேலோட்டமாக அழித்துத் தயார்படுத்துவது) செய்தாலும் இந்தப் பொய் வெளிப்படாது.

முதலில் போடும் கோப்புகள் நன்றாகவே திறக்கும். உண்மையான சிப் நிறைந்த பிறகு போடுபவை எங்கும் பதிவாகாமல் போகும், அல்லது பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்படும். ஆனால் கோப்புப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில், உண்மையான சிப்பில் இருப்பதால் பெயரும் அளவும் சரியாகவே தெரியும். கல்யாண வீடியோவைத் திறக்கும் நாளில்தான் விஷயம் புரியும். இப்படிப் போனதை எந்த ரெகவரி மென்பொருளாலும் மீட்க முடியாது. அதற்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் ஏறத்தாழ 59.6 ஜிபி என்று காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்; விண்டோஸ் 107 கோடிக்கும் மேல் வைத்துக் கணக்கிடுகிறது.

சோதிக்க ‘எச்2டெஸ்ட்-டபிள்யூ’ (H2testw) என்ற இலவச மென்பொருள் போதும். நிறுவத் தேவையில்லை, திறந்ததும் ஜெர்மன் மொழியில் வரும், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டிரைவில் ஏதாவது இருந்தால் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டுக் காலி செய்யுங்கள். டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘ஆல் அவைலபிள் ஸ்பேஸ்’ குறித்து, ‘ரைட் + வெரிஃபை’ அழுத்துங்கள். அது டிரைவ் முழுவதையும் எழுதி நிரப்பி, பிறகு எழுதியது அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு, எழுதவே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். பிழையில்லை என்று வந்தால் சோதனைக் கோப்புகளை அழித்துவிட்டுப் பயன்படுத்தலாம். ‘டேட்டா லாஸ்ட்’ (எழுதியது தொலைந்தது) என்று வந்தால், அதன் அருகிலேயே உண்மையில் வேலை செய்யும் அளவும் இருக்கும்.

2 டிபி என்று சொல்லப்படும் டிரைவை இப்படி முழுக்க நிரப்ப நாள் கணக்கில் ஆகும். அதற்கு, இதே மென்பொருளில் ‘ஒன்லி’ என்ற கட்டத்தில் 1,50,000 எம்பி என்று கொடுங்கள். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப் இருந்தால் அதற்குள்ளேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அவசரமென்றால் ‘வேலிடிரைவ்’ (ValiDrive) என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுதும் பரவலாக 576 இடங்களைத் தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே சோதனையைச் செய்யும் ‘எஃப்3’ (F3) என்ற மென்பொருள் இருக்கிறது. செல்போன் மெமரி கார்டை போனில் வைத்தபடி சோதிக்காமல் கார்டு ரீடரில் செருகிச் சோதியுங்கள். மலிவு விலை ‘16 டிபி எஸ்எஸ்டி’ (கணினிக்கு வெளியே செருகும் வேகமான சேமிப்புக் கருவி) பெட்டிகளிலும் இதே மோசடி உண்டு. சிலவற்றைப் பிரித்தால் உள்ளே மெமரி கார்டுதான் இருக்கிறது.

இணையத்தில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பலர் டிரைவை மேசை டிராயரில் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் நிரப்புகிறார்கள். அப்போது விற்றவர் கை விரித்துவிடுவார். முடிவுத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லுடன் வைத்திருங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். கடையில் வாங்குவோர் பில்லில் ‘பென் டிரைவ் – 1’ என்று மட்டும் எழுதினால் ஏற்காமல், நிறுவனத்தின் பெயரையும் கொள்ளளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இணைய விற்பனைத் தளங்களும் இத்தகைய பொருள்களைப் பட்டியலிடும் முன்பே சோதிக்கும்படி நுகர்வோர் துறை கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர், மதுரை