காலிவெஸ்டன் கூரைக்கல் தொழிலாளர் வரலாற்றைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
காலிவெஸ்டன் கிராமத்தில் குடியிருக்கும் தமிழர் ஒருவர்,
நார்த்தாம்ப்டன்ஷயர், இங்கிலாந்து.

பெறுநர்:
உயர்திரு மரபுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
வடக்கு நார்த்தாம்ப்டன்ஷயர் மன்றம்.

பொருள்: கூரைக்கல் சுரங்கங்களையும் தொழிலாளர் நினைவுகளையும் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இம்மனுவின் ஆங்கிலப் படியையும் இணைத்துள்ளேன்.

ஸ்டாம்ஃபர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சிறியது. ஆனால் இங்கே எடுத்த கல் சுற்றுவட்டார வீடுகள், தேவாலயங்கள் தொடங்கி கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் வரை கூரையாக ஏறியிருக்கிறது. ‘காலிவெஸ்டன் ஸ்லேட்’ (பலகைக்கல்) என்று பெயர் இருந்தாலும் இது சுண்ணாம்புக்கல்தான். அந்தக் காலத்தில் ஆழமில்லாத சுரங்கத்தில் ஆட்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கல் படுகைக்கு அடியில் இருக்கும் மணலைத் தோண்டி எடுப்பார்கள். கல் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அது இறங்கப்போவதை முன்கூட்டியே அறிய, கல் முனகும் சத்தத்தைத்தான் கவனிப்பார்கள். கல் ‘பேசுகிறது’ என்பார்கள். அந்தச் சத்தத்தைத் தவறாகக் கணித்தால் உயிருக்கே ஆபத்து.

மேலே கொண்டுவந்த கல்லை வெட்டவெளியில் பரப்பி, காயவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஊறிய நீர் உறைபனியில் விரியும்போது கல் அடுக்கடுக்காக விலகும். உறைவதற்கு முன்பே காய்ந்துவிட்டால் அந்தக் கல் பிறகு பிளக்காது. பனி வேலை செய்து முடித்ததும், சுத்தியலால் தட்டி ஏடு ஏடாகப் பிரித்து, ஓரம் செதுக்கி, துளையிட்டு, மர ஆணியில் மாட்டுவார்கள். பெரிய ஓடு கூரையின் அடியில், சிறியது உச்சியில்.

பனி பொய்த்தால் அந்த ஆண்டு ஓடு இல்லை. மிதமான குளிர்காலங்கள் அடுத்தடுத்து வந்ததில் தொழில் நொடித்து, 1960-களில் சுரங்க வேலை நின்றுபோனது. அப்புறம் கல்லைக் குளிர் அறையில் வைத்துச் செயற்கையாக உறையவைக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டு, இப்பகுதியில் உள்ள பழைய ஏப்தார்ப் மாளிகையின் கூரைக்குப் புது ஓடுகள் கிடைத்தன. சுரங்கமும் மறுபடி திறக்கப்பட்டது. இது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் உறைபனி அறை கல்லைத்தான் பிளக்கும். பழைய சுரங்கம் எந்த வயலுக்கடியில் ஓடுகிறது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எப்படி வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபர்ட்டின் அரண்மனை இங்கே இருந்தது. 1503-இல் அவர் பேத்தி ஸ்காட்லாந்து மன்னரை மணக்கப் போகும் வழியில் இங்கே தங்கினாள். மறைந்துபோன அந்த அரண்மனையின் எச்சங்களை உள்ளூர் வரலாற்றுக் குழுவினரே அண்மையில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அரச குடும்பத்தின் கதைக்கு ஆவணங்கள் உண்டு. குளிர்காலத்தில் கல் வெட்டி, மற்ற மாதங்களில் வயல் வேலைக்குப் போன குடும்பங்களின் கதைக்கு அவர்களின் வாய்மொழிதான் ஆவணம்.

ஆகவே, இத்தொழில் செய்த குடும்பங்களின் முதியவர்களை நேரில் கண்டு, அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்து மாவட்ட ஆவணக் காப்பகத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். வயதானவர்கள் என்பதால் இதை வரும் குளிர்காலத்துக்குள் தொடங்கினால் நல்லது. அவர்கள் காட்டும் சுரங்க வாய்களை வரைபடத்தில் குறித்து, கட்டட அனுமதி வழங்கும்போது அதையும் பார்க்க வேண்டும். பழைய கூரையைப் பிரிக்கும் இடங்களில், நல்ல ஓடுகளைக் குப்பையில் கொட்டாமல் மறுபடி பயன்படுத்தவும் வழிசெய்ய வேண்டும். வீடு வீடாக அழைத்துச்சென்று முதியவர்களை அறிமுகம் செய்துவைக்க நானே வருகிறேன்.

தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)