எலிக்கு குணமானா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கமுங்க. எலிக்கு கேன்சர் குணமாயிருச்சு, மனுசனுக்கு ஏன் இன்னும் தரலைன்னு ஒரு ஃபார்வர்டு எங்க வாட்ஸ்அப் குரூப்புல சுத்துதுங்க. அம்மாவ கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு கீமோவுக்கு கூட்டிட்டுப் போறவனுக்கு அந்த அவசரம் புரியாம இல்லீங்க, ஆனா கட்டி கரையுதான்னு பாக்கறது வேற, அதே மருந்து ஈரலையும் ரத்த அணு உண்டாகற எலும்பு மஜ்ஜையையும் என்ன பண்ணுதுன்னு பாக்கறது வேற, எலியில ஒருக்கா, நாய் மாதிரி இன்னொரு மிருகத்துல ஒருக்கான்னு டோஸை ஏத்தி ஏத்தி பாத்துட்டுத்தான் மனுசனுக்கு ரொம்பக் கம்மியில ஆரம்பிப்பாங்க.

அதுவும் பத்தலீங்க. 2006ல லண்டன்ல டிஜிஎன்1412ங்கற புது மருந்த மொத தடவையா மனுசனுக்குக் குடுத்து டெஸ்ட் பண்ணப்ப, குரங்கு தாங்குன அளவுல 500ல ஒரு பங்குதான் குடுத்தாங்க, வாங்குன 6 பேரும் ஐசியூவுக்குப் போயிட்டாங்க. அதனால மனுச செல்லுல பண்ற டெஸ்டும் கூடவே வேணும், 2023ல நம்ம நாட்டு ரூல்லயும் அதுக்கு எடம் குடுத்துட்டாங்க.

அம்மாவுக்கு வெள்ளை அணு கொறஞ்சிருந்தா ஊசிய தள்ளி வெச்சுருவாங்க, ரத்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சேலைத் தலைப்ப விரல்ல சுத்திட்டே உக்காந்திருப்பாங்க. மருந்து நியூஸ் போடறப்ப எலியில பாத்ததா மனுசன்ல பாத்ததான்னு தலைப்புலயே போட்டுருங்க.

- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்