புத்தகம் வந்துவிட்டது, மாப்பிள்ளை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் கவிதைப் புத்தகம் வந்துவிட்டது. உன் பிரதியை நேற்றே கூரியரில் போட்டுவிட்டேன். அணிந்துரை யாரிடம் வாங்கினாய் என்று கேட்டிருந்தாய். யாரிடமும் வாங்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் நாலு வார்த்தை நல்லதாக எழுதிவிட்டால், படிக்கிறவன் அவர் சொன்னதைத்தான் தேடிக்கொண்டு வருவான். என்னுரைகூட ஒன்றரைப் பக்கம்தான்.

நாம் நினைத்த மாதிரி இல்லை இந்த வேலை. நோட்டில் இருப்பதை அச்சகத்தில் கொடுத்தால் புத்தகம் என்றுதானே இருந்தோம்? டெம்மி என்கிற புத்தக அளவில் ஒரு ஃபாரத்துக்கு (அச்சடித்து மடிக்கிற ஒரு தாள்) 16 பக்கம். 5 ஃபாரம் என்றால் 80. என்னுடையது 86ல் போய் நின்றது. இன்னொரு ஃபாரம் போட்டால் செலவும் ஏறும், கடைசியில் பத்து வெள்ளைப் பக்கமும் பல்லைக் காட்டும். லேஅவுட் செய்த தம்பி, "எழுத்தை ஒரு பாயிண்ட் குறைச்சிடலாமா சார்?" என்றான். எழுத்து இருக்கட்டும், கவிதையைக் குறைக்கிறேன் என்றேன்.

அவனோடு ஒரு சண்டையும் நடந்தது. "கெடிலத்தில் தண்ணீர் வந்த வருஷம் அப்பா சைக்கிளை விற்றார்" என்று ஒரு வரி. பக்க அகலம் போதாமல் 'விற்றார்' மட்டும் கீழே இறங்கித் தனியாக நின்றது. "இதுதான் சார் நல்லாயிருக்கு, அப்படியே விட்டுடுங்க" என்கிறான். நல்லாத்தான் இருந்தது, அதுதான் தொல்லை! அந்தக் கவிதையில் அப்பா சைக்கிளை விற்பது பெரிய விஷயமே இல்லை. போகிற போக்கில் சொன்னது. மார்ஜினைக் குறைத்து மேலே ஏற்ற வைத்தேன். அவனுக்கு இன்னும் வருத்தம்தான்.

குறைக்க உட்கார்ந்தபோது முதலில் போனவை எல்லாம் கவியரங்கத்தில் கைதட்டு வாங்கியவை. குரலை ஏற்றி இறக்கிப் படித்தால் நிற்கும். தாளில் உட்கார வைத்தால் சரிந்துவிடும். 2011 டிசம்பர் 30 'தானே' புயலுக்குப் பிறகு எழுதிய நீளக் கவிதை உனக்கு நினைவிருக்கும், நீதான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாய். அதையும் எடுத்துவிட்டேன். ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் சத்தமாக அழுத மாதிரி இருக்கிறது. அதிலிருந்து நாலு வரி மட்டும் மிஞ்சியது: பண்ருட்டியில் வேரோடு சாய்ந்த பலா, மறுநாளே வந்து அடி அளந்த மர வியாபாரி. அவ்வளவு போதும்.

இந்த வயதிலா முதல் தொகுப்பு என்று உன் தங்கை கேட்டாளாமே. அவளிடம் சொல்: பாரதிதாசன் பிறந்தது 1891ல், அவர் கவிதைகளின் முதல் தொகுதியைக் குஞ்சிதம் குருசாமி வெளியிட்டது 1938ல். பாரதிக்கு எழுதியதை எல்லாம் அச்சில் பார்க்கிற யோகமும் இல்லை. 'பாஞ்சாலி சபத'த்தின் இரண்டாம் பாகத்தை அச்சில் பார்க்காமலே போய்விட்டார். நம்மை அவர்களோடு சேர்க்கவில்லை, வயதுக் கணக்கு மட்டும்தான்!

வெளியீட்டு விழா, பொன்னாடை எதுவும் கிடையாது. புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு கவிதை படித்தோம், அப்புறம் சாப்பாடு. வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். மிச்சத்தை நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஒரு பதிப்பக நண்பரின் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வந்தால் பார்க்கலாம். அதை நம்பிக் கடன் வாங்கவில்லை.

சரி, உன் பச்சை அட்டை நோட்டு எங்கே? கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது அப்படியே இருக்கட்டும், பின்னால் எழுதியதை அனுப்பு. பாதியை அடித்துவிட்டுத்தான் திருப்பித் தருவேன். புத்தகம் கிடைத்ததும் முதலில் புயல் கவிதையைத் தேடுவாய் என்று தெரியும். திட்டுவதானால் போனில் வேண்டாம், எழுதியே திட்டு. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை